தவளையைப் பிடிக்கப் பணம் இருக்கிறது, பெயர் வைக்கத்தான் இல்லை

பல்லுயிர் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

திட்டம் முடிவதற்குள் எத்தனை புதிய இனங்களைக் கண்டறிவீர்கள் என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கிறீர்கள். திட்டக் காலமோ இரண்டு அல்லது மூன்று ஆண்டு. மழைக்காட்டுத் தவளைகளோடு வேலை செய்கிற யாரும் அந்தக் கட்டத்தில் மனசாட்சியோடு ஓர் எண்ணை எழுத முடியாது. ஆனாலும் எழுதுகிறோம். எழுதாமல் விட்டால் விண்ணப்பம் அடுத்த மேசைக்கே போகாது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த எண்ணை எழுத முடியாததற்குக் காரணம் காட்டில் இல்லை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தவளையைப் பார்த்து, இது இதுவரை யாரும் பார்க்காததாக இருக்குமோ என்று சந்தேகப்பட ஒரு மணி நேரம் போதும். அந்தச் சந்தேகம் சரிதான் என்று காட்டி, விவரித்து, பெயர் வைத்து, உலகம் ஏற்றுக்கொள்ளும்படி வெளியிடுவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. முதல் பாதிக்குப் பணம் தருகிறீர்கள். இரண்டாம் பாதி தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அது தானாக நடப்பதில்லை, பெரும்பாலும் நடப்பதே இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதல் பாதியைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மழைக்காட்டில் தவளையைக் கண்ணைவிடக் காதால் தேடுவதே அதிகம். மழை விட்டதும் ஆண் தவளைகள் கத்தத் தொடங்கும். ஒவ்வோர் இனத்துக்கும் கத்தல் தனி. தன் இனத்து ஆண் எது என்று பெண் தவளை முடிவு செய்வதே அந்தக் குரலை வைத்துத்தான். பழகிய காது உள்ளவர்கள், பல குரல்கள் ஒன்றாகக் கலந்து வரும்போதும் அதுவரை கேட்டிராத ஒன்றைப் பிரித்துவிடுவார்கள். பப்புவா நியூ கினியாவில் 2009இல் அப்படித்தான் நடந்தது. பூச்சி கத்துவதுபோல மிக உயர்ந்த சுருதியில் ஒரு சத்தம் தரையிலிருந்து வந்தது. கத்துகிற ஆளைத்தான் காணோம். அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஆஸ்டினும் அவருடைய மாணவரும் சத்தம் வந்த இடத்துச் சருகை அப்படியே அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இலை இலையாகப் புரட்டினார்கள். கடைசியில் ஏதோ ஒன்று துள்ளியது. அமாவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததால் 2012இல் அதற்கு பீடோஃப்ரைன் அமாவென்சிஸ் என்று பெயர் வந்தது. முழுதாக வளர்ந்த தவளையின் சராசரி நீளம் 7.7 மில்லிமீட்டர். உலகின் மிகச் சிறிய முதுகெலும்பி என்ற பட்டம் சில ஆண்டுகள் அதனிடம்தான் இருந்தது. பிறகு பிரேசிலின் பிராக்கிசெஃபாலஸ் பியூலெக்ஸ் அதைத் தட்டிச் சென்றது, 6.45 மில்லிமீட்டர் ஆண் ஒன்று 2024இல் பதிவானது.

சத்தம் கேட்ட இடத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒலிப்பதிவு. காற்றின் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சூடு ஏற ஏறக் கத்தலின் வேகமும் ஏறும். வெப்பநிலை குறிக்காத பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அப்புறம் உயிரோடு இருக்கும்போதே படம். பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், பழுப்பு மட்டும்தான் மிஞ்சும். அடுத்ததை மறைக்க விரும்பவில்லை: சில தவளைகளை மயக்க மருந்து கொடுத்துக் கொல்கிறோம். தசையிலோ கல்லீரலிலோ ஒரு துணுக்கை டி.என்.ஏ.வுக்காகத் தூய எத்தனாலில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் உடலை ஃபார்மலினில் வைக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். உடல் விறைத்ததும் கழுவி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவோம். காலில் ஓர் எண் கட்டுவோம். இடம், உயரம், நாள், நேரம் எல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே ஏட்டில் ஏறும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவதற்கு முன் காலணி, வலை எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுப்போம்.

இது அத்தனைக்கும் உங்கள் செலவுத் தலைப்புகளில் இடம் இருக்கிறது. வண்டி வாடகை, ஒலிவாங்கி, தலைவிளக்கு, வழிகாட்டிக்குக் கூலி என்று எல்லாம் உண்டு. அட்டைக் கடிக்குத்தான் தனித் தலைப்பு இல்லை. பரவாயில்லை, அதை நாங்களும் கேட்டதில்லை.

ஊர் திரும்பிப் புட்டிகளை அலமாரியில் வைத்ததும் திட்டம் முடிந்துவிடுகிறது, கணக்கும் ஒப்படைத்தாயிற்று. உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

ஒரு தவளை புதிது என்று சொல்வதன் பொருள், ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் அது இல்லை என்பதே. இல்லை என்று காட்டுவது எவ்வளவு கடினம் என்பதை வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள். இன்று உலகில் 8,700க்கும் மேற்பட்ட இருவாழ்விகளுக்குப் பெயர் இருக்கிறது, பெரும்பகுதி தவளைகள். 1985இல் டேரல் ஃபிராஸ்ட் தொகுத்த உலகப் பட்டியலில் சுமார் 4,000 தான் இருந்தன. அத்தனையோடும் ஒப்பிட வேண்டியதில்லை என்பது உண்மைதான், அதே பேரினத்து, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்கள் சேர்ந்த தொகுதியின், தவளைகளோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் தென் அமெரிக்காவின் பிரிஸ்டிமாண்டிஸ் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள், பல பார்வைக்கு ஒரே மாதிரி பழுப்பு நிறம். போதாததற்கு ஒரே இனத்துக்குள்ளேயே ஒன்றுக்கு முதுகில் கோடு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஆணும் பெண்ணும் அளவில் வேறுபடும். குட்டிக்கும் வளர்ந்ததற்கும் நிறம் மாறும். ஒரே ஒரு தவளையை வைத்துக்கொண்டு இந்த மாறுபாடுகளைப் புரிந்துகொள்ள வழியே இல்லை. சில சமயம் ஒரு பெண் தவளைக்காக அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் உங்கள் நிதியாண்டு முடிந்திருக்கும்.

பெயர் என்பது காற்றில் இருப்பதும் இல்லை. விலங்கியல் பெயரிடலுக்கென்று பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ஒவ்வோர் இனத்தின் பெயரும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டது. அந்த உடலை ஹோலோடைப் என்பார்கள், மூலமாதிரி என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயர் எந்தத் தவளைக்கு உரியது என்று சண்டை வந்தால் அந்த உடலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியது நிற்கும், பிந்தியது போகும். அதாவது 19ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் நாலு வரியில் விவரித்து, கிடைத்த இடம் என்று ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தாலும், அந்தப் பெயர் இன்றைக்கும் செல்லும். அது நம் தவளையா இல்லையா என்று தீர்க்காமல் புதுப் பெயர் வைக்க முடியாது.

அந்த மூலமாதிரிகள் எங்கே இருக்கின்றன? வெப்பமண்டலக் காடுகளின் பழைய மாதிரிகளில் பெரும்பகுதி லண்டனிலும் பாரிஸிலும் பெர்லினிலும் வியன்னாவிலும் இருக்கிறது. காடு இருக்கிற நாட்டின் ஆய்வாளர் தன் மலைத் தவளையின் மூலமாதிரியைப் பார்க்க விசா எடுத்துப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு உங்கள் திட்டங்களில் இடம் கேட்டால், களப்பணி அல்லாத வெளிநாட்டுப் பயணம் என்று வெட்டிவிடுகிறீர்கள். எங்கள் வேலையில் லண்டன் அருங்காட்சியகத்தின் அலமாரியும் களம்தான். போய்ச் சேர்ந்தால், நூறாண்டு கடந்த ஓர் உடல் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். ஃபார்மலினில் ஊறிய மாதிரி என்றால் டி.என்.ஏ. எடுப்பது இப்போதும் சிரமம். புதிய முறைகளில் முடிகிறது, ஆனால் அதற்கென்று தனி ஆய்வகமும் பணமும் வேண்டும்.

ஒரு தவளையின் கதை முழுதாகச் சேர எவ்வளவு காலம் ஆகலாம் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் நல்ல சாட்சி இருக்கிறது. மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்குச் சில நாட்கள் மட்டும் வெளியே வருகிற அந்த ஊதா நிறத் தவளையை நாசிகாபட்ராகஸ் சாஹ்யாத்ரென்சிஸ் என்று ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூட்டும் 2003இல் நேச்சர் இதழில் விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை, கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் அதன் தலைப்பிரட்டையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் விவரித்து வைத்திருந்தார்கள். ஓடைப் பாறைகளில் உறிஞ்சு வாயால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிரட்டைகளைச் சில இடங்களில் உள்ளூர் மக்கள் பிடித்துச் சாப்பிட்டும் வந்தார்கள். பிரட்டை ஒரு பக்கம், தவளை ஒரு பக்கம் என்று இருந்ததைச் சேர்த்துவைக்கப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதோடும் முடியவில்லை. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் கிடைத்தது வேறோர் இனம் என்று 2017இல் முடிவாகி, ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பெயர் பெற்றது. சரிவு மாறினால் பருவமழை மாறுகிறது, இனப்பெருக்கக் காலமும் மாறுகிறது. இதையெல்லாம் மூன்று ஆண்டுத் திட்டத்தின் எந்தக் காலாண்டில் எழுதுவது?

டி.என்.ஏ. வந்துவிட்டதே, இனி எதற்கு இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு நேர்காணலிலும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தவளைகளுக்கு 16எஸ் என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுத் துண்டைப் பார்ப்பது வழக்கம். அதில் மூன்று சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், இது தனி இனமாக இருக்கலாம், கவனித்துப் பாருங்கள் என்று ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. அவ்வளவுதான். இரண்டு சதவீதத்தில் தெளிவான தனி இனங்கள் உண்டு. ஐந்து சதவீதம் விலகியும் நடுவில் கலந்துகொண்டே இருக்கும் கூட்டங்களும் உண்டு. அந்த எண்ணோடு கத்தல், உடலமைப்பு, வாழிடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். அவசரப்பட்டு ஒன்றை நாலாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்களும் எங்கள் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சிக்கலைப் பிரிக்க இன்னொருவருடைய பத்து ஆண்டு செலவாகிறது.

உண்மையைச் சொன்னால் டி.என்.ஏ.வும், காட்டில் வைத்துவிட்டு வரும் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளும், கணினியில் குரல் பிரிக்கும் மென்பொருள்களும் எங்கள் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கின்றன. சந்தேகப்பட வேண்டிய தவளைகளின் வரிசை மளமளவென்று நீள்கிறது. தீர்ப்பு எழுத உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் தீர்ந்த பிறகுதான் எழுத்து. மூக்கு நுனியிலிருந்து மலவாய் வரை உடல் நீளம், கண்ணின் குறுக்களவு, செவிப்பறை, ஒவ்வொரு விரலின் நுனித்தட்டு, விரலிடைச் சவ்வு எந்தக் கணு வரை வருகிறது, தொடையின் உட்புறத்து நிறம். நெருங்கிய ஒவ்வோர் இனத்திலிருந்தும் இது எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மூலமாதிரி எந்த நிறுவனத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட 2012 முதல் அனுமதி உண்டு, ஆனால் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். படிக்கச் சுவையான எழுத்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நூறு வருஷம் கழித்து ஒருவர் காட்டில் கையில் ஒரு தவளையோடு நின்று இதைப் படித்தால், இதுதானா அது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக எழுதப்படுவது.

இந்த இடைவெளியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தவளை மட்டுமல்லாமல் எல்லா உயிர் வகைகளையும் சேர்த்து, முதன்முதலில் சேகரித்த நாளுக்கும் பெயர் வெளியான நாளுக்கும் நடுவே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன என்று 2012இல் ஃபிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சேகரித்தவர் ஓய்வு பெற்றிருப்பார். காடு சில சமயம் தோட்டமாகியிருக்கும்.

தாமதத்தின் விலை என்ன என்று கேட்பீர்கள். இலங்கையின் புதர்த் தவளைகளைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் சேகரித்து, அருங்காட்சியகப் புட்டிகளில் கிடந்த மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அவற்றில் இரண்டு அதுவரை பெயரே பெறாத இனங்கள் என்று தெரிந்தது. 2007இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இன்று சூடோஃபிலாடஸ் மாயா, சூடோஃபிலாடஸ் பார்டஸ் என்று அழைக்கிறோம். பெயர் வைத்த அதே கட்டுரையிலேயே இவை அற்றுப்போய்விட்டன என்றும் எழுத வேண்டியிருந்தது. தீவு முழுக்கத் தேடியும் ஒன்றுகூட உயிரோடு கிடைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமாக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காடு. ரியோபட்ராகஸ் சைலஸ் என்ற தவளைக்கு 1973இல் பெயர் கிடைத்தது. பெண் தவளை கருவுற்ற முட்டைகளை விழுங்கி, இரைப்பைக்குள்ளேயே குஞ்சுகளை வளர்த்து, வாய் வழியாக வெளியே விடுகிறது என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது. தன் இரைப்பையின் அமிலச் சுரப்பை அது எப்படி நிறுத்திவைக்கிறது என்று மருத்துவத் துறையே திரும்பிப் பார்த்தது. 1981க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. அதே பேரினத்தின் இன்னோர் இனத்துக்கு 1984இல் பெயர் வைத்தார்கள், 1985க்குப் பின் அதுவும் கண்ணில் படவில்லை. எட்டு ஆண்டு கிடைத்த இனத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டோம், ஒரே ஆண்டு கிடைத்ததைப் பற்றி அதைவிட மிகக் குறைவாகத் தெரிந்துகொண்டோம். சைலஸ் பெயர் பெறுவதற்கு 21 ஆண்டு காத்திருந்தால், அந்த இரைப்பை விஷயம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்படி ஓடைக்கரைத் தவளைகள் கூட்டமாக மறைந்ததற்குப் பின்னால் தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை இருக்கிறது என்று 1990களின் இறுதியில்தான் பிடிபட்டது. பூஞ்சைக்கே 1999இல்தான் பெயர் வந்தது. அது 500க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களின் எண்ணிக்கையைச் சரித்தது, அவற்றில் 90 அற்றுப்போயிருக்கக்கூடும் என்று 2019இல் சயன்ஸ் இதழ்க் கட்டுரை கணக்குச் சொன்னது. 2023இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி இருவாழ்விகளில் ஏறத்தாழ 41 சதவீதம் ஆபத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள். இவையெல்லாம் பெயர் உள்ளவற்றின் கணக்கு. பெயர் இல்லாத தவளை, அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலின் மதிப்பீட்டுக்கே பெரும்பாலும் வராது. அணை கட்டவோ சுரங்கம் தோண்டவோ போடப்படும் சூழல் அறிக்கையில் அது பேரினப் பெயருக்குப் பின்னால் அடையாளம் தெரியாதது என்று ஒரு வரியாக நிற்கும். அந்த வரியைக் காட்டி ஒரு திட்டத்தை யாரும் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, வேலை இவ்வளவு அவசரம் என்றால் செய்யும் ஆட்கள் எங்கே? இங்கேதான் உங்கள் மதிப்பெண் முறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஓர் ஆய்வாளரின் தகுதியைக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதை வைத்து அளக்கிறீர்கள். ஒரு தவளையின் அறிவியல் பெயரை எழுதும்போது அதை விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் பின்னால் சேர்ப்பது மரபு. ஆனால் அந்தக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. அதனால் நூறு சூழலியல் கட்டுரைகள் அந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும் பெயர் வைத்தவரின் கணக்கில் ஒன்றும் ஏறாது. புதிய விலங்கினங்களில் ஒரு பெரிய பங்கு வெளியாகும் ஸூடாக்ஸா இதழையே 2020இல், மேற்கோள் எண்ணிக்கையால் இதழ்களை மதிப்பிடும் தாக்கக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். தன் கட்டுரைகளையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்பது காரணம். ஒரு துறையின் இவ்வளவு வேலை ஒரே இதழில் வெளியானால் வேறு எதை மேற்கோள் காட்டுவதாம்? உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இளம் ஆய்வாளர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தவளையின் குரலைக் கேட்ட மாத்திரத்தில் பேரினத்தைச் சொல்லக்கூடிய பிள்ளைகள், வேலை கிடைக்காது என்று வேறு துறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் சிலர் ஒரு யோசனை சொல்வதுண்டு: பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விட்டால் பணம் வந்துவிடுமே என்று. நடந்திருக்கிறது. பொலிவியாவில் கண்டறிந்த ஒரு டிட்டி குரங்கின் பெயர் உரிமையை 2005இல் ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் 6,50,000 டாலருக்கு வாங்கியது. அந்தக் குரங்கு இன்றும் அறிவியல் பெயரில் அந்த நிறுவனத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. பணம் அதன் காட்டுக்கே போனது, அதனால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் குரங்குக்கு அவ்வளவு விலை கிடைக்கும், சருகு நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும் தவளைக்கு யார் கையைத் தூக்குவார்கள்? அழகான விலங்குக்கு மட்டும் பெயர் கிடைக்கும் ஏற்பாடு அது.

கொல்லாமல் படம் மட்டும் எடுத்துப் பெயர் வைக்கலாமே என்றும் கேட்கிறார்கள். மிக அரிதான சூழலில் விதித்தொகுப்பு அதற்கு இடம் தருகிறது. நானும் தேவைக்கு மேல் ஒரு தவளையையும் எடுப்பவன் இல்லை. ஆனால் படத்தில் நாக்கின் அடியைப் பார்க்க முடியாது, எலும்பைப் பார்க்க முடியாது, நாளைக்கு வரப்போகும் ஏதோ ஒரு கருவியால் ஆராய முடியாது. அந்த இலங்கைப் புட்டிகள் படங்களாக மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டு இனங்களும் இருந்ததே தெரிந்திருக்காது.

கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். களப்பணிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, சேகரித்து முடிந்த பிறகு செலவழிப்பதற்கென்றே பூட்டி வையுங்கள். களத்துக்கு இரண்டு ஆண்டு என்றால் மேசைக்கு மூன்று ஆண்டாவது வேண்டும். அந்த மூன்று ஆண்டில் ஒருவருக்குச் சம்பளம், மூலமாதிரிகளைப் பார்க்கப் பயணம், மரபணுச் செலவு, அவ்வளவுதான். பயணம் கசக்கிறது என்றால் மூலமாதிரிகளை இங்கேயே கொண்டுவரும் வேலைக்குக் கொடுங்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் பல சேர்ந்து நடத்திய ஓவர்ட் திட்டத்தில் 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பி மாதிரிகளை சி.டி. ஸ்கேன் எடுத்து எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார்கள். வெப்பமண்டலத் தவளைகளின் மூலமாதிரிகள் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்தால், விசாவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ஓர் இனத்தை விவரித்துவிடலாம்.

புது மூலமாதிரி, காடு இருக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். 2014இல் நடப்புக்கு வந்த நகோயா நெறிமுறைக்குப் பிறகு மரபணு வளம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் இசைவு இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. ஆனால் நிபந்தனையோடு பணமும் வர வேண்டும். ஆல்கஹால் ஆவியாகும், நிரப்ப ஆள் வேண்டும். அலமாரி அறைக்குத் தீயணைப்பு வசதி வேண்டும். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிகளின் தொகுப்பு ஏறக்குறைய முழுதும் சாம்பலானது. முதுகெலும்பிகளின் மாதிரிகள் வேறு கட்டடத்தில் இருந்ததால் மட்டுமே தவளைகள் தப்பின. தொகுப்பைக் காப்பவரின் பதவி காலியானால் அதை நிரப்பாமல் விடுவதுதான் பல இடங்களில் முதல் சிக்கன நடவடிக்கை. அதை ஒரு தடவை நேரில் வந்து பார்த்தால் உங்களுக்கே பொறுக்காது. வழிகாட்டியாகக் கூட வந்து குரலைக் காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரருக்கு அளக்கவும் எழுதவும் பயிற்சி தந்து, கட்டுரையில் அவர் பெயரையும் சேர்க்கும் திட்டங்களுக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். நன்றி தெரிவிக்கும் பத்தியில் ஒரு வரியோடு அவரை அனுப்பிவைக்கும் வழக்கம் போதும்.

மதிப்பீட்டில் ஓர் இன விவரிப்பை ஒரு முழு ஆய்வுப் பணியாக எண்ணுங்கள், மேற்கோள் எத்தனை என்று கேட்காமல். வேண்டுமானால் எண்ணிக்கைக்காக இனங்களைப் பிரித்துத் தள்ளுகிறார்களா என்று பார்க்க, துறை அறிந்த இரண்டு பேரிடம் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் படிவம். எத்தனை புதிய இனங்களைக் கண்டறிவீர்கள் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் இறுதி அறிக்கையில் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை இனங்களை விவரித்து வெளியிட்டீர்கள், மூலமாதிரிகள் எங்கே இருக்கின்றன, பெயர் இல்லாமல் இன்னும் எத்தனை புட்டியில் இருக்கின்றன, அவற்றை யார் எப்போது முடிப்பார்கள். நான்காவது கேள்விக்குப் பதில் எழுத முடியாதவருக்கு அடுத்த களப்பயணத்துக்குப் பணம் தர வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச அழைத்தால், எங்கள் அலமாரியில் பெயருக்குக் காத்திருக்கும் தவளைகளின் பட்டியலை, சேகரித்த ஆண்டுவாரியாக, கையோடு கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தவளைகளை வகைப்படுத்தும் வேலையில் இருக்கும் ஒருவன்